பொட்டலத்தின் மொழியும் மலையின் மொழியும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைச் சரிவுகளில் பறிக்கப்படும் தேயிலைக் கொழுந்து, அயல்நாட்டுக் கடையொன்றின் அலமாரியில் பொட்டலமாக வந்து நிற்பதற்குள் நான்கைந்து மொழிகளையாவது கடந்துவிடுகிறது. செடிக்கு மருந்தடிக்கும் தொழிலாளி ஒரு மொழியில் அறிவுரை கேட்கிறார். ஆலையின் பதிவேடு வேறொரு மொழியில் எழுதப்படுகிறது. ஏற்றுமதி ஆவணம் ஆங்கிலத்திலும், உள்நாட்டு விற்பனைக்கான லேபிள் மலாயிலும், வாங்கும் நாட்டுக்கான லேபிள் அந்நாட்டு மொழியிலும் அமைகின்றன. இக்கைமாற்றங்கள் ஒவ்வொன்றிலும் பொருள் சிதையாதபடி பார்த்துக்கொள்ளும் தொழிலுக்கே மொழிபெயர்ப்புச் சேவை என்று பெயர். எழுத்து மொழிபெயர்ப்பு, பேச்சு மொழிபெயர்ப்பு, கலைச்சொல் தொகுப்பு, சட்டத்துக்கு ஏற்ற லேபிள் அமைப்பு, விளம்பர வாசகத்தை வேறொரு மக்களின் காதுக்கேற்ப மீண்டும் படைத்தல் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். அயல்நாட்டுச் சந்தைகளில் கால்வைக்க விரும்பும் நிறுவனங்கள் பலவும் இச்சேவையைக் கடைசிக் கட்டத்தில், பொட்டலம் அச்சுக்குப் போகும் வாரத்தில்தான் நினைத்துக்கொள்கின்றன. கேமரன் மலையின் வரலாற்றையும் இன்றைய நிலையையும் உற்றுநோக்குவோருக்கு, சந்தைக்கான மொழிபெயர்ப்பு பொட்டலத்துக்கு வெகு முன்பே, செடி நிற்கும் மலையிலேயே தொடங்கிவிடுகிறது என்பது புலப்படும். இச்சொற்பொழிவு எடுத்துரைக்க முற்படுவது அதனையே.

கேமரன் மலை என்னும் பெயர், 1885இல் அப்பகுதியை அளந்த பிரித்தானிய அரசின் நிலஅளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரால் வந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்ததைத் தொடர்ந்தே, மலை வாழிடமாகவும் குளிர்நிலப் பயிர்களுக்குரிய நிலமாகவும் அது வளரத் தொடங்கியது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைத் தொழில் பழகியிருந்த ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தை நிறுவினார். ஹபுவை அடுத்த அத்தோட்டத்துடன் ஃபேர்லி, சுங்கை பாலாஸ் தோட்டங்களும் பின்னர் அந்நிறுவனத்தின் கீழ் அமைந்தன. 1933இல் தோன்றிய பாரத் நிறுவனத்தின் தோட்டங்கள் தானா ராத்தாவுக்கும் ரிங்லெட்டுக்கும் இடைப்பட்ட சாலையோரத்தில் இன்றும் பயணிகளின் கண்ணை நிறுத்துகின்றன.

மில்ன் இலங்கையிலிருந்து வந்தார் என்பது தொழில் வரலாற்றுக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு மொழி வரலாற்றுக்கும் முக்கியம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட காலம் முதல், இலங்கை மலையகத்தின் தொழில்மொழி தமிழாகவே இருந்துவந்தது. கவ்வாத்து வெட்டுதல், கொழுந்து எடுத்தல் போன்ற வேலைச் சொற்களும், துரை, கங்காணி, கணக்கப்பிள்ளை போன்ற பதவிச் சொற்களும், வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்பைக் குறிக்கும் லயம் என்ற சொல்லும் அங்கே உரம்பெற்றவை. கவ்வாத்து என்பது செடியைக் குறிப்பிட்ட உயரத்தில் வெட்டி மீண்டும் தழைக்கச் செய்யும் வேலை. அது தவறினால் பல ஆண்டுகளுக்கு விளைச்சல் கெடும். மலாயாவிலோ ரப்பர்த் தோட்டங்கள் வழியாகத் தமிழ் முன்பே வேரூன்றியிருந்தது. எழுத்தரைக் கிராணி என்றும், மேற்பார்வையாளரைத் தண்டல் என்றும் அழைக்கும் வழக்கு அங்கே நிலவியது. இவ்விரு தோட்டத் தமிழ்களும் ஒரு புதிய மலையில் கலந்தன என்று கருதுவது பொருந்தும்.

அக்காலத்து மொழிபெயர்ப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண்பது தகும். இன்றைய குறைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆளெடுத்து வந்து வேலை வாங்கியவர் கங்காணி. கண்காணிப்பவர் என்னும் பொருளுடைய இச்சொல் ஒரு பதவியைக் குறித்தாலும், அப்பதவிக்குள் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் ஒளிந்திருந்தார். துரையின் கட்டளை அவர் வழியாகவே தொழிலாளியை அடைந்தது, தொழிலாளியின் முறையீடு அடைந்தால் அவர் வழியாகவே துரையை அடைந்தது. துரைமாரும் தமிழ் கற்றாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. 1919இல் மலாயாவில் அமைந்த தோட்டத்துரைமார் சங்கம் அதற்கெனத் தேர்வுகளை நடத்திவந்தது. இலங்கையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சின்னதுரைமாருக்கான, அதாவது தோட்டத்தின் துணை மேலாளர்களுக்கான, கையடக்கத் தமிழ் வழிகாட்டி ஒன்றை ஏ. எம். ஃபெர்குசன் வெளியிட்டிருந்தார், அதன் பெயரே "இங்கே வா" என்பது. ஒரு மொழியைக் கற்கத் தொடங்குபவர் முதலில் ஏவல் வினையைக் கற்கிறார் என்பதில் வியப்பில்லை. ஆயினும் ஏவலோடு கற்றல் நின்றுவிடும் இடத்தில் மொழிபெயர்ப்பு மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே ஓடுகிறது. செடியின் அருகில் நின்றவருக்குத் தெரிந்தது ஆலைக்கோ அலுவலகத்துக்கோ ஏற்றுமதித் துறைக்கோ ஏறிவரவேயில்லை. தேயிலையைப் பற்றிய உலக இலக்கியத்தில் தேயிலை பறித்தவரின் சொல் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு இந்த ஒருவழிப் பாதை ஒரு பெருங்காரணம். நூறாண்டுக் கால அறிவொன்று ஏட்டில் ஏறாமலே கைகளோடு மறைந்துபோனது பெரும் இழப்பு.

1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் உதவிபெற்று மலாயா செல்வதைத் தடைசெய்தது. போ தோட்டம் தொடங்கி அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆகவே கேமரன் மலையின் தமிழ்த் தோட்டச் சமூகம், தமிழகத்திலிருந்து தொடர்ந்து ஆள் வந்து சேரும் வாய்ப்பில்லாமல், முதலில் வந்தவர்களையும் அவர்தம் வழிவந்தவர்களையும் கொண்டே பல பத்தாண்டுகள் தொழிலை நடத்தியது.

இனி, பொட்டலத்தின் சட்டத்துக்கு வரலாம். மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகளின்படி, உள்நாட்டில் தயாரிக்கப்பட்ட அல்லது பொதியப்பட்ட உணவின் லேபிள் மலாய் மொழியில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் உணவுக்கு மலாயோ ஆங்கிலமோ போதும். பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு 1169ஆம் எண் ஒழுங்குவிதி, கட்டாயத் தகவல்கள் விற்கப்படும் நாட்டின் நுகர்வோர் எளிதில் புரிந்துகொள்ளும் மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. எந்த மொழி என்பதை ஒவ்வொரு உறுப்பு நாடும் தானே வரையறுக்கலாம் என்பதால், ஐரோப்பா என்னும் ஒரே சந்தை மொழியளவில் பல சந்தைகளாகப் பிரிந்துவிடுகிறது. சீனத்தின் ஜிபி 7718 என்னும் தரநிலை சீன எழுத்தைக் கட்டாயமாக்குவதோடு, வணிகக்குறி நீங்கலாக, உடன்வரும் அயல்மொழி எழுத்து அதற்குரிய சீன எழுத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்றும் விதிக்கிறது. எழுத்தின் அளவுகூட மொழிபெயர்ப்பாளரின் கவலையாகும் இடம் அது. உலக உணவுத் தரநிலைகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, மூல லேபிளின் மொழி நுகர்வோருக்கு ஏற்றதாக இல்லையெனில் தேவையான மொழியில் துணை லேபிள் ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம் என்று இடம் தருகிறது. சிறு உற்பத்தியாளருக்கு இது பெரும் உதவி. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிப் பொட்டலம் அச்சிடும் செலவு மிஞ்சும். ஆனால் துணை லேபிளில் எழுதப்படுவது சரக்குக்குப் பொருந்தவேண்டும் என்ற பொறுப்பு அப்படியே நிற்கிறது.

பொருந்துவதென்றால் என்ன என்பதைத் தேயிலைச் சொற்களை வைத்தே விளக்கலாம். கேமரன் மலையில் தயாராவது பெரும்பாலும் மலாய் மொழியில் தே ஹித்தாம் எனப்படும் கருந்தேயிலை. ஆங்கிலப் பெயரும் கருமையையே சொல்கிறது, ஏனெனில் ஐரோப்பியர் காய்ந்த இலையின் நிறத்தைப் பார்த்தார்கள். சீனரும் ஜப்பானியரும் கோப்பையின் நிறத்தைப் பார்த்தார்கள். எனவே அவர்களுக்கு இதே தேயிலை செந்தேயிலை. சீனத்தில் ஹோங்சா, ஜப்பானில் கோச்சா. இரண்டிலும் முதற்சொல் சிவப்பையே குறிக்கும். கருந்தேயிலை என்பதைச் சொல்லுக்குச் சொல் சீனமாக்கினால் ஹெய்சா என்று வரும். அதுவோ நுண்ணுயிர்களால் பதப்பட்டு முதிரும் முற்றிலும் வேறான தேயிலை வகையின் பெயர். அகராதிப்படி சரியான அம்மொழிபெயர்ப்பு, சரக்கின்படி பொய்யாகிவிடும். ஒரே ஒரு நிறச்சொல் பொட்டலத்தை வேறு சரக்காக்கிவிடும் என்பதை அறிந்தவர் மொழிபெயர்ப்பை எழுத்தர் வேலையாக நினைக்கத் துணியார்.

அடுத்தது நொதித்தல் என்னும் சொல். கொழுந்து ஆலைக்கு வந்ததும் முதலில் வாட்டப்படுகிறது; பின் உருட்டப்பட்டோ நசுக்கி நறுக்கப்பட்டோ சாறு வெளிப்படுத்தப்படுகிறது; பிறகு காற்றுபடப் பரப்பி வைக்கப்படும்போது செம்பு நிறமும் மணமும் பிறக்கின்றன; அதன்பின் சூடேற்றி உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கப்படுகிறது. காற்றுபடப் பரப்பும் கட்டத்தைத் தேயிலைத் தொழிலில் நொதித்தல் என்றே நெடுங்காலமாக அழைத்துவருகிறார்கள். அறிவியலின்படி அங்கே ஈஸ்ட்டுக்கோ பாக்டீரியாவுக்கோ வேலையில்லை. இலையிலேயே உள்ள நொதி ஒன்றின் துணையோடு கேட்டசின்கள் என்னும் பொருள்கள் ஆக்சிஜனுடன் சேர்ந்து தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்பனவாக மாறுகின்றன. இது ஆக்சிஜனேற்றம். தொழிலின் பழஞ்சொல்லை அப்படியே அரபியாக்கினால் தக்மீர் என்று அமையும். அச்சொல்லின் வேரும் மதுவைக் குறிக்கும் கம்ர் என்னும் சொல்லின் வேரும் ஒன்றே. ஹலால் குறியோடு வளைகுடா நாடுகளுக்குப் போகும் பொட்டலத்தில் அச்சொல்லைக் காணும் வாசகர் மனத்தில் ஐயம் எழ வழியுண்டு; அதே நிகழ்வை அக்ஸதா என்று, அதாவது ஆக்சிஜனேற்றம் என்று எழுதினால் ஐயத்துக்கும் இடமில்லை, உண்மைக்கும் குறையில்லை. தேயிலை ஆலைக்குள் நடப்பது என்ன என்று அறியாத அரபு மொழிபெயர்ப்பாளரும், அரபுச் சொல்லின் வேர் அறியாத தேயிலை வல்லுநரும் தனித்தனியே இம்முடிவுக்கு வந்திருக்க முடியாது. இருவரையும் ஒரே மேசையில் அமர்த்துவதே மொழிபெயர்ப்புச் சேவை செய்யும் மெய்யான பணி.

தரப்பெயர்களில் வேறுவகைப் பொறி காத்திருக்கிறது. ஆரஞ்சு பீக்கோ என்னும் பெயரில் ஆரஞ்சுப் பழமும் இல்லை, அதன் மணமும் இல்லை. பீக்கோ என்பது இளந்தளிரின் வெண்மயிரைக் குறிக்கும் தென்சீனச் சொல்லின் திரிபு. ஆரஞ்சு என்பது டச்சு அரசகுடும்பமான ஆரஞ்சு வம்சத்தின் பெயரோடு தொடர்புடையது என்ற விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. இது இலையின் அளவையும் வகையையும் காட்டும் தரக்குறியே. இதனைப் பழத்தின் பெயரால் மொழிபெயர்த்தால், இல்லாத ஒரு சேர்ப்புப் பொருளை லேபிள் அறிவித்ததாகிவிடும். இத்தகைய சொற்கள் மொழிபெயர்க்கத் தகாதவை. ஒலிபெயர்த்து, பக்கத்தில் சிறு விளக்கம் தருவதே முறை.

சுவைச்சொற்களின் நிலை இன்னும் நுட்பமானது. சுவைஞர்கள் கோப்பையைப் பற்றிச் சொல்லும் சொற்களைப் பன்னாட்டுத் தரநிலை அமைப்பு, ஐஎஸ்ஓ 6078 என்னும் கருந்தேயிலைச் சொற்றொகுதியில் வரையறுத்துத் தந்தது. நாவைச் சுருக்கி உயிர்ப்பூட்டும் தன்மைக்கு ஆங்கிலச் சுவைஞர் ஒரு புகழ்ச்சொல் வைத்திருக்கிறார்கள். பொதுவாசகருக்கான ஆங்கிலத்திலோ அத்தன்மை குறைபோல் ஒலிக்கிறது. தமிழுக்கு இங்கே ஒரு நற்பேறு உண்டு. அறுசுவையில் துவர்ப்பு தனியிடம் பெற்றது. பாக்கிலும் நெல்லிக்காயிலும் வாழைப்பூவிலும் அதை விரும்பி உண்டு பழகிய நாக்கு தமிழருடையது. ஜப்பானிய மொழியிலும் துவர்ப்பைக் குறிக்கும் சொல் பழிச்சொல்லன்று. அடக்கமான அழகைப் புகழவும் அவர்கள் அதே சொல்லை ஆள்கிறார்கள். கேமரன் மலைத் தேயிலையின் துவர்ப்பை ஜப்பானியருக்கு எடுத்துச் சொல்ல, ஆங்கிலத்தின் வழியே சுற்றிவருவதைவிடத் தமிழிலிருந்து நேரே செல்லும் வழி குறுகியது என்று துணிந்து கூறலாம்.

மலேசியத் தேநீர்க் கடைகளின் வழக்கும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பால் சேர்க்காத தேநீரைத் தே ஓ என்கிறார்கள். தே மலாய்ச் சொல்லாக நிலைத்த ஹொக்கியன் சொல், ஓ என்பது கருமையைக் குறிக்கும் ஹொக்கியன் சொல். சர்க்கரையும் வேண்டாமெனில் வெறுமை எனப் பொருள்படும் கோசோங் என்னும் மலாய்ச் சொல் பின்னால் சேரும். தே தாரேக் என்பதற்கு இழுத்த தேநீர் என்பது நேர்ப்பொருள். ஆங்கில லேபிள்கள் அந்த இழுப்பையே பிடித்துக்கொண்டு, படிப்பவரைத் திகைக்க வைக்கின்றன. தமிழர்க்கு விளக்கமே தேவையில்லை. உயரத் தூக்கி நுரை பொங்க ஆற்றிய தேநீர் என்றால் முடிந்தது, ஏனெனில் அக்கலையை மலாயாவில் பரப்பியவர்களில் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் முன்னிற்பவர்கள். ஆயினும் அயல்நாட்டுப் பொட்டலத்தில் மலாய்ப் பெயரை அப்படியே நிறுத்தி, அடியில் செய்முறையை விளக்குவதே சிறந்தது. பெயரே அந்நாட்டின் முகவரியாக இருக்கும்போது அதை மொழிபெயர்ப்பது முகவரியை அழிப்பதாகும். 1972இல் இலங்கை தன் நாட்டுப் பெயரை மாற்றிக்கொண்ட பின்னும் தன் தேயிலையைச் சிலோன் தேயிலை என்றே விற்றுவருவது இந்த அறிவின் பயன்தான். வரலாற்றுக் கசப்பு கலந்த அப்பெயரை விடாமல் வைத்திருப்பது அந்நாட்டுக்கு எளிய முடிவாக இருந்திராது.

விளம்பர வாசகம் இதற்கு மறுகோடியில் இருக்கிறது. போ தேயிலைக்கு "போ ஆடா உம்ப்" என்றொரு வாசகம் மலேசியாவில் வீட்டுக்கு வீடு அறிமுகம். ஆடா என்றால் இருக்கிறது என்று பொருள். உம்ப் என்பதற்கு எந்த அகராதியிலும் பொருள் தேட வேண்டியதில்லை, ஒரு மிடறு உள்ளே இறங்கும்போது எழும் திடத்தின் ஒலி அது. இதனை மொழிபெயர்க்க முடியாது. வேறு மொழியில் அதே விளைவை எழுப்பும் வேறொரு ஒலியைத் தேடிப் படைக்க வேண்டும். இதையே மொழிபெயர்ப்புத் துறையினர் மறுபடைப்பு என்று பிரித்துச் சொல்கிறார்கள். ஒலிக்குறிப்புச் சொற்களைக் கணக்கின்றிப் பெற்றுள்ள தமிழில் அதற்குப் பஞ்சமிராது.

இதுவரை கண்டவை பொட்டலத்தின் மேற்பரப்பு. லேபிளில் உள்ள கூற்று ஒவ்வொன்றும் மலையில் நிகழ்ந்த ஒரு செயலால்தான் மெய்யாகிறது. அயல்நாட்டுச் சந்தை இன்று தேயிலையிடம் கேட்கும் கடுமையான கேள்வி பூச்சிமருந்து எச்சம் பற்றியது. எச்ச வரம்பு என்பது உணவில் எஞ்சியிருக்கலாம் என அனுமதிக்கப்படும் மருந்தின் உச்ச அளவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு 396ஆம் எண் ஒழுங்குவிதி, தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துகளுக்குப் பொதுவாக ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவை வைக்கிறது; ஜப்பானில் 2006 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஏற்புப் பட்டியல் முறையும் அதே அளவைப் பொது வரம்பாகக் கொண்டுள்ளது. 100 டன் தேயிலையில் 1 கிராம் என்று சொன்னால் அதன் நுண்மை விளங்கும். இவ்வரம்புக்குள் நிற்பது ஆய்வுக்கூடத்தால் ஆவதன்று. எந்த மருந்தை எவ்வளவு நீரில் கரைப்பது, அடித்த பின் எத்தனை நாள் காத்திருந்து கொழுந்து எடுப்பது என்ற இரண்டும் மலைச் சரிவில், முதுகில் மருந்துக் கலனைச் சுமந்து நிற்பவரின் அறிவில் தீர்மானமாகின்றன. காத்திருப்பு நாள்களைக் குறிக்கும் வாக்கியத்தில் பதினான்காம் நாள் என்பதற்கும் பதினான்கு நாள் கழித்து என்பதற்கும் இடையில் ஒரு நாள் வேறுபாடு இருக்கிறது. ஒரு பத்தியில் பிழையாக விழுந்த பின்னொட்டு ஒரு கொள்கலன் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்திவிடக்கூடும். அதைவிடவும் முன்னெண்ண வேண்டியது, அம்மருந்தைத் தோலிலும் மூச்சிலும் ஏற்பவரின் உடல்நலம். சந்தையின் வரம்பு இல்லாவிட்டாலும் அவருக்கு அவர் மொழியில் எச்சரிக்கை சொல்லப்பட்டே ஆக வேண்டும்.

மலேசியாவில் விற்கப்படும் பூச்சிமருந்துக் கலன்களின் லேபிளில் மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் இடம்பெறுவது வழக்கம். இதில் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மலேசியாவிலோ, தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூரிலோ, ஆங்கிலமோ தேவநாகரி எழுத்திலான இந்தியோ போதுமென்று கொள்ளும் இந்தியாவிலோ தேயிலைப் பொட்டலத்தில் தமிழ் இருந்தாக வேண்டும் என்று விதி இல்லை. தேயிலை குடிப்பவராகத் தமிழர் கணக்கில் வரவில்லை. மருந்தடிப்பவராகக் கணக்கில் வந்தார். அந்தக் கணக்கும் இன்று பழையதாகிவிட்டது. கேமரன் மலையில் கொழுந்து எடுப்போருள் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் மிகுந்துள்ளனர்; கூடை சுமந்து விரல்நுனியால் கிள்ளும் பழைய முறைக்கு மாறாகக் கத்தரியும், இருவர் பிடித்துச் செல்லும் பறிப்பு எந்திரமும் பெரும்பரப்பில் ஆளப்படுகின்றன. தமிழ் எழுத்தை நேபாளத் தொழிலாளி வாசிக்க இயலாது. அவர் கற்கும் மலாய் சந்தையிலும் லயத்திலும் காதால் பிடித்த மலாய். கலன்மேல் அச்சான சட்ட மலாய் அதிலிருந்து வெகுதொலைவில் இருக்கிறது. ஆகவே வங்காளத்திலும் நேபாளியிலும் படங்களோடு கூடிய அறிவுறுத்தலும், அதைப் படித்துக் காட்டிக் கேள்வி கேட்டுப் புரிந்ததை உறுதிசெய்யும் பேச்சு மொழிபெயர்ப்பாளரும் ஏற்றுமதிச் செலவின் பகுதியாகவே கருதப்பட வேண்டும். நற்சான்று வழங்கும் பன்னாட்டு அமைப்புகள், பயிற்சியைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டுமென்று கேட்பதன் காரணமும் இதுவே.

மொழிபெயர்ப்பாளர் எதிர்த்திசையிலும் நடக்க வேண்டும். இலை வாடிய விதம், ஒரு சரிவில் மட்டும் தளிர் சுருண்டது, மழைக்குப் பின் மருந்து கழுவிப்போனது போன்ற செய்திகள் தொழிலாளியின் வாயிலிருந்து மேலேறி வந்தால்தான் பதிவேடு மெய்யாகும். கங்காணியின் காலத்தில் அடைபட்டிருந்த வழி அது.

தரமான மொழிபெயர்ப்புச் சேவைக்கு 2015இல் வெளியான ஐஎஸ்ஓ 17100 என்னும் பன்னாட்டுத் தரநிலை உண்டு. மொழிபெயர்த்தவர் ஒருவர், மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துபவர் வேறொருவர் என்று இருவர் கண்ணும் பட்டாக வேண்டும் என்பது அதன் முதுகெலும்பு. எந்திர மொழிபெயர்ப்பைத் திருத்திப் பயன்படுத்துவதற்கு ஐஎஸ்ஓ 18587 என்னும் தரநிலை 2017இல் வந்தது. நீண்ட ஒப்பந்தம், கடிதப் போக்குவரத்து போன்றவற்றில் எந்திரத்தின் உதவி பெரிது. லேபிளில் நிலைமை வேறு. அங்கே இரண்டு மூன்று சொற்களே சூழலின்றி நிற்பதால், எந்திரத்துக்கும் அவசரப்பட்ட மனிதருக்கும் ஒரே வகைப் பிழை நேர்கிறது. உடல்நலம் தொடர்பான வாசகங்களுக்கு மீள்மொழிபெயர்ப்பு என்னும் முறையும் கையாளப்படுகிறது. மொழிபெயர்ப்பை மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மீண்டும் முதல்மொழிக்குக் கொண்டுவரச் செய்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அது. காத்திருப்பு நாள் பற்றிய வாக்கியத்துக்கு இதைவிட மலிவான காப்பு வேறில்லை.

மலேசியாவில் இதற்குரிய அடித்தளம் இல்லாமலில்லை. 1956இல் தோன்றிய டேவான் பஹாசா டான் புஸ்தகா மலாய்க் கலைச்சொற்களை வகுத்துவருகிறது. 1993இல் நிறுவப்பட்ட தேசிய மொழிபெயர்ப்புக் கழகம் இன்று மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. அதே 1993இல் அமைந்த மாட்ரேட் என்னும் வெளிவணிக மேம்பாட்டுக் கழகம் ஏற்றுமதியாளருக்கு வழிகாட்டுகிறது. இவையனைத்தும் கோலாலம்பூரில் இருக்கின்றன. மலையில் இருப்பவர்களோ, வீட்டில் தமிழும், பள்ளியில் மலாயும் ஆங்கிலமும், பிரிஞ்சாங் காய்கறிச் சந்தையில் கண்டோனியமோ ஹொக்கியனோ பேசி வளர்ந்த இளைஞர்கள். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மூன்று நான்கு மொழிகளில் புழங்கும் இவர்களுக்கு அந்த மொழிவளம் ஒரு தொழில் என்று எவரும் சொல்லித் தந்ததில்லை. சுங்கை பாலாஸ் தேநீர் மையத்தில் சீனத்திலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் பயணிகளுக்கு ஆலையைச் சுற்றிக்காட்டும்போது, செந்தேயிலை என்று சொல்வதா கருந்தேயிலை என்று சொல்வதா என்ற கேள்வி நாள்தோறும் எழத்தான் செய்யும். அயல்நாட்டுச் சந்தை அங்கே வாசலுக்கே வந்து நிற்கிறது. கப்பலேறுமுன் சொற்களைச் சோதித்துப் பார்க்க அதைவிடச் சிறந்த இடம் கிடையாது.

முதலில் செய்யத்தக்கது ஒரு தேயிலைச் சொற்றொகுதி. ஒரு சொல்லுக்கு ஒரு மொழியில் ஒரே நிகர் என்று உறுதிசெய்து, அது எங்கே ஆளத்தக்கது, எங்கே தகாதது என்ற குறிப்போடு வைக்கப்படும் பட்டியலே சொற்றொகுதி. மொழிபெயர்ப்பாளர் மாறினாலும் சொல் மாறாமல் காப்பது அது. ஆங்கிலம், மலாய், சீனம், ஜப்பானியம், அரபு என்று விற்பனைப் பக்கத்தில் ஐந்து பத்திகள் வேண்டும். வேலைப் பக்கத்தில் தமிழ், வங்காளம், நேபாளி, இந்தோனேசியம் என்று நான்கு. நொதித்தலுக்கு எதிரே ஆலைச்சொல்லும் அறிவியற்சொல்லும் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். ஆரஞ்சு பீக்கோவுக்கு எதிரே மொழிபெயர்க்க வேண்டாம் என்ற ஆணை எழுதப்பட வேண்டும். இந்த ஒன்பது பத்திகளுள் வேலைப் பக்கத்துத் தமிழ்ப் பத்தியே மிக நிறைவாக அமையும், அதை நிரப்பத் தெரிந்தவர்களின் வயதோ ஏறிக்கொண்டிருக்கிறது. கவ்வாத்து என்னும் சொல்லை நூலில் படிக்காமல் கத்தியும் கையுமாகக் கற்றவர்கள் இன்னும் தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் வாழ்கிறார்கள். எந்த உயரத்தில், எந்த மாதத்தில், எந்தக் கிளையை விட்டு எந்தக் கிளையை வெட்டுவது என்ற விளக்கத்தை அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதிய பிறகுதான் அருகிலுள்ள நேபாளிப் பத்தியையும் வங்காளப் பத்தியையும் நிரப்பத் தொடங்க முடியும்.